கால் 60, காது 30: மொத்தம் ஏன் 90 இல்லை?

கேள்வி: சர்க்கரையால் என் அண்ணனுக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். ராயக்கோட்டை தக்காளி மண்டியில் பெட்டி தூக்கியவர், வயது 46. காதும் மந்தம். சான்றிதழில் காலுக்கு 60, காதுக்கு 30 போட்டுவிட்டு மொத்தம் 70 சதவீதம் என்கிறார்கள். 75 இல்லையென்று பராமரிப்பு உதவித்தொகையை மறுத்து, மரியாதையில்லாமலும் பேசினார்கள். கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. பேசிய பேச்சு வலிக்கும்தான். அதற்காக ஒரு சதவீதமும் கூடாது. பார்க்க வேண்டியது அந்த 70 சரியா என்பதை மட்டும்.

சரி. இரண்டு குறைபாடுகளை நேராகக் கூட்டமாட்டார்கள். விதியில் 90 என்பது நிலையான எண். அந்த 90-இல் பெரிய குறைபாட்டின் 60-ஐக் கழித்தால் 30. அதைக் காதின் 30-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 10. 60-உம் 10-உம் 70. காது 45 சதவீதமாக இருந்தால்தான் 75 வரும்.

ஒரே ஒரு வழி உண்டு. வெட்டிய காலில் முழங்கால் மடங்காமல் விறைத்திருந்தாலோ, முனையில் புண் ஆறாமல் இருந்தாலோ, காலுக்கு 10 சதவீதம் வரை கூட்ட இடமிருக்கிறது. கால் 70 ஆனால் மொத்தம் 76-ஐத் தாண்டும். அண்ணனுக்கு அப்படி இருந்து, சான்றிதழில் அது ஏறாமல் போயிருந்தால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யுங்கள். புண்ணுக்குக் கட்டுப்போட்ட ஓ.பி. சீட்டுகள் அத்தனையும் வேண்டும். அப்படி எதுவும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

பலர் ஏமாறுவது இதற்கடுத்த இடத்தில்தான். 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்குப் போராடிக்கொண்டே, வருவாய்த்துறை தரும் 1,500 ரூபாய் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கு மனுவே போடாமல் இருந்துவிடுவார்கள். அதற்கு 40 சதவீதம் போதும், ஆதரவற்ற நிலை இருக்க வேண்டும். இரண்டும் 2023-இல் உயர்ந்த தொகை. வித்தியாசம் மாதம் 500 ரூபாய். ஓய்வூதியம் உத்தரவான பிறகுதான் வரும், காத்திருந்த மாதங்களுக்குப் பின்தொகை கிடையாது. ஆறு மாதம் தள்ளிப்போட்டால் 9,000 ரூபாய் போனது போனதுதான். இந்த வாரமே இ-சேவையில் போடுங்கள். வி.ஏ.ஓ. விசாரணைக்கு வரும்போது அண்ணன் வீட்டில் இருக்கட்டும்.

பிறகு 2,000 கிடைத்தால், முதலில் 1,500-ஐ ரத்து செய்யுங்கள். இரண்டையும் சேர்த்து வாங்கினால் வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

இன்னொன்று: "75 ஆக்கித் தருகிறேன்" என்று புரோக்கர் எவராவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள். யுடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) எண்ணைத் தட்டினாலே உண்மைச் சதவீதம் தெரிந்துவிடும். மோசடியாகச் சலுகை பெற்றால் அதே 2016 சட்டத்தின் 91-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு புரோக்கர் மீது மட்டும் நிற்காது. கையெழுத்துப் போட்ட அண்ணன் மீதும் வரும்.