நூறு கோடியாவது செக்கன்

அன்பின் ஐயா,

நான் 1998 மார்ச் 10ஆம் திகதி காலை 6 மணிக்குப் பிறந்ததாக அம்மா கொப்பியில் குறித்து வைத்திருக்கிறார். என்னுடைய நூறு கோடியாவது செக்கன் எப்போது வரும் என்று கணக்குப் பார்த்தேன். 2029 நவம்பர் 24 என்று வந்தது. கைபேசியில் போட்டுப் பார்த்தால் நவம்பர் 16 என்கிறது. எட்டு நாள் எங்கே போனது? இன்னொன்று. ஒரு கற்பம் 432 கோடி வருடம் என்று தாத்தா சொல்வார். செக்கனையும் கற்பத்தையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க முடியுமா? எனக்கு இரண்டிலும் பூச்சியங்கள் மட்டும்தான் தெரிகின்றன.

வாசகி, உப்புவெளி, திருகோணமலை

அன்பின் தங்கைக்கு,

கைபேசி சொன்ன திகதிதான் சரி. நீங்கள் வருடத்துக்கு 365 நாள் என்று வைத்துக்கொண்டீர்கள். 2000 தொடங்கி 2028 வரை எட்டு லீப் வருடங்கள் வருகின்றன. அந்த எட்டு பெப்ரவரி 29களும்தான் நீங்கள் தேடும் எட்டு நாள்.

செக்கனிலிருந்து நாள் வரைக்கும் பயமில்லாமல் பெருக்கலாம், வகுக்கலாம். ஒரு நாளுக்கு 86,400 செக்கன். மாதமும் வருடமும் அப்படி அல்ல, அவை ஒன்றுக்கொன்று நீளம் மாறுபவை. ஆகவே செக்கனை முதலில் நாளாக்கிவிட்டு, அந்த நாட்களைக் கலண்டரில் எண்ணிக்கொண்டு போவதுதான் நல்ல வழி. நூறு கோடி செக்கன் என்பது 11,574 நாள், 1 மணித்தியாலம், 46 நிமிடம், 40 செக்கன்.

அப்படியானால் நவம்பர் 16 காலை 7.46 என்பீர்கள். அதில்தான் எனக்குச் சந்தேகம். உங்கள் அம்மா எழுதிய 6 மணி எந்த 6 மணி? 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டுக் காலத்தில், இலங்கையின் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை அப்படியே இருந்தது. நீங்கள் பிறந்தது அதற்குள். ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த 6 மணி, இன்றைய நேரப்படி 5.30. அப்போது உங்கள் செக்கன் நிறைவது காலை 7 மணி 16 நிமிடம் 40 செக்கனுக்கு.

ஆனால் அந்த நாட்களில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே புழக்கத்தில் இருந்தது. எங்கள் வீட்டிலேயே இரண்டு மணிக்கூடு ஓடியது. விறாந்தையில் புதிய நேரம், சாமியறையில் பழைய நேரம். விசேடத்துக்கு யாராவது நேரம் சொன்னால், "பழசோ புதுசோ?" என்று கேட்காமல் அம்மா விடமாட்டா. சாதகக் குறிப்புக்காக உங்கள் அம்மாவும் பழைய நேரத்தையே எழுதியிருக்கக்கூடும். அப்படியென்றால் 7.46தான் சரி. எந்தக் கணிப்பானுக்கும் தெரியாத விடயம் இது, அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

(நீங்கள் பிறந்த பிறகு, பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போவதற்காக, உலக நேரத்தில் லீப் செக்கன் என்ற மேலதிகச் செக்கன்கள் ஆறைச் சேர்த்திருக்கிறார்கள், கடைசியாக 2016 முடிவில். 2029க்குள் இன்னும் சேர்க்காவிட்டால் மேலே சொன்ன நேரத்தில் ஆறு செக்கனைக் கழித்துவிடுங்கள்.)

இனிப் பூச்சியங்களுக்கு வருவோம். ஒரு செக்கனை நூறு கோடியாகப் பிளந்தால் கிடைப்பது நானோசெக்கன். ஒளி அதற்குள் 30 சென்ரிமீற்றர் ஓடும், பள்ளிக்கூட அடிமட்டத்தின் நீளம். அந்த நானோசெக்கனுக்கு ஒரு செக்கன் எவ்வளவு நீளமோ, ஒரு செக்கனுக்கு உங்கள் முப்பத்தொரு வருடமும் எட்டு மாதமும் அவ்வளவு நீளம். இந்த ஒப்பீடு பிடிபட்ட அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

தாத்தாவின் கற்பக் கணக்கைத் தொடும்முன் அந்த மரபின் சிறிய நேர அளவுகளை விளங்கிக்கொள்ள வேண்டும். பஞ்சாங்கத்தில் ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாடி, ஒரு விநாடிக்கு 60 தற்பரை. அந்த விநாடி நம்முடைய செக்கன் அல்ல, 24 செக்கன். தற்பரை 0.4 செக்கன், ஏறத்தாழ ஒரு கண்சிமிட்டல்.

கற்பம் என்பது பிரமனுக்கு ஒரு பகல். இரவும் அதே அளவு. இரண்டும் சேர்ந்தால் 864 கோடி வருடம். அதை நம்முடைய நாளைப்போலவே 86,400 துண்டாக வெட்டிப் பாருங்கள். பிரமனின் ஒரு செக்கனுக்குச் சரியாக ஒரு இலட்சம் வருடம் வரும், மிச்சமே இல்லை! நூறு வயது வாழ்ந்த ஒருவருக்கு அதில் ஒரு மில்லிசெக்கன்.

இதை வைத்து நம் ஊரை அளந்து பாருங்கள். போர்த்துக்கீசர் கோணேசர் கோவிலை இடித்தது 1624இல், பிரமனுக்கு நான்கு மில்லிசெக்கன் முன்னர். சம்பந்தர் கோணமாமலையைப் பாடியது ஏறத்தாழ பதினான்கு மில்லிசெக்கன் முன்னர். நம் பக்கத்துப் பாறைகள் நிலத்தின் ஆழத்தில் வெந்து உருமாறி ஏறத்தாழ 55 கோடி வருடம் ஆகிறது என்கிறது புவியியல். பிரமனின் மணிக்கூட்டில் அது ஒன்றரை மணித்தியாலம். அடுத்தமுறை கோணேசர் கோவில் இருக்கும் சுவாமிமலைக்குப் போனால் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போய், இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்குப் பக்கத்தில் நின்று இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

அம்மா சொன்னது பழசோ புதுசோ என்று மறக்காமல் எழுதுங்கள். 2029 நவம்பர் 16ஐ நான் குறித்து வைத்துவிட்டேன். நேரத்துக்குரிய இடம்தான் இன்னும் வெறுமையாக இருக்கிறது.