பாலிசி அண்ணன் பெயரில், ஓட்டுவது நான்

கேள்வி: திருநெல்வேலிக்காரி நான். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். வந்து பத்தரை மாதம் ஆகிறது. காலை ஏழரைக்கு ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் இல்லை. அதனால் பழைய டொயோட்டா யாரிஸ் ஒன்று வாங்கினேன். ஊரில் ஒன்பது வருடம் கார் ஓட்டியவள், ஒரு கிளெய்ம் போட்டதில்லை. இங்கே என் பெயரில் இன்சூரன்ஸ் கேட்டால் 2,350 பவுண்டு என்றார்கள். கோவென்ட்ரியில் இருபது வருடமாக இருக்கும் என் கணவரின் பெரியப்பா மகன், "என் பேர்ல எடுத்துடறேன், உன்னை நேம்டு டிரைவரா போட்டுக்கலாம்" என்றார், அதாவது வண்டியை ஓட்டக்கூடிய கூடுதல் ஆளாக. 980 பவுண்டில் முடிந்தது. வண்டி அவர் வீட்டில் நிற்பதாகத்தான் எழுதியிருக்கிறது. மூன்று வாரம் முன்பு வேலைக்குப் போகும்போது, ரவுண்டானாவில் நின்றிருந்த காரின் பின்னால் இடித்துவிட்டேன். யாருக்கும் காயம் இல்லை. என் வண்டியைச் சரிசெய்ய மட்டும் 1,900 பவுண்டு ஆகுமாம். இப்போது கம்பெனியிலிருந்து அண்ணனுக்குக் கடிதம் வந்திருக்கிறது: வண்டியை அதிகம் ஓட்டுவது யார், இரவில் எங்கே நிற்கும், என்னுடைய லைசென்ஸ் நகல் வேண்டும் என்று. "எப்பவாவது வாங்கிட்டுப் போவான்னு எழுதிடலாம்" என்கிறார் அண்ணன். எழுதலாமா? இந்தியர் என்பதற்காக இரண்டு மடங்குக்கு மேல் பிரீமியம் கேட்பது சட்டப்படி சரிதானா?

பதில்: எழுத வேண்டாம் சகோதரி. அண்ணன் இன்னும் பதில் அனுப்பவில்லை என்றால் உங்கள் இருவருக்கும் அது பெரிய நல்ல காலம். அவரிடம் இன்றைக்கே போனில் பேசிவிடுங்கள்.

நீங்கள் செய்ததற்கு இந்த ஊர் இன்சூரன்ஸ்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ஃப்ரண்டிங். வண்டியை உண்மையில் ஓட்டுகிறவரைப் பின்னால் நிறுத்தி, பிரீமியம் குறைவாக வரும் ஒருவரை மெயின் டிரைவராக முன்னால் காட்டுவது. பிள்ளைகளுக்காக அப்பா அம்மா செய்வதுதான் வழக்கம். நம் ஆட்களிடம் அது அண்ணன், சித்தப்பா, ரூம்மேட் என்று விரிந்திருக்கிறது. உதவி என்று நினைத்துத்தான் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கம்பெனி இதை உதவியாகப் பார்க்காது.

முதலில் பலர் கவனிக்காத ஒன்று. இந்தப் பாலிசி உங்களுடையது அல்ல. ஒப்பந்தம் கம்பெனிக்கும் அண்ணனுக்கும் இடையில். தவறான பதில் கொடுத்தவர் சட்டத்தின் பார்வையில் அவர்தான், நீங்கள் அதில் பெயர் சேர்க்கப்பட்டவர். ஆகவே பதில் எழுத வேண்டியவரும், புகார் செய்யும் உரிமை உள்ளவரும் அவரே. பாலிசி செல்லாது என்று அறிவிக்கப்பட்டால் அந்தக் கறை முதலில் அவர் பெயரில்தான் ஏறும். உங்கள் நலனும் அவர் நலனும் இந்த இடத்தில் கொஞ்சம் பிரிகின்றன. அவர் தனியாக ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது. இப்படிச் சொன்னால் வீட்டில் மனக்கசப்பு வரும் என்று தெரியும், இருந்தாலும் சொல்லியாக வேண்டும்.

இதற்கான சட்டம் 2012-ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்பீட்டு வெளிப்படுத்தல் சட்டம். 2013 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு, கம்பெனி கேட்காத விஷயத்தையும் நாமே முன்வந்து சொல்லியாக வேண்டும். இப்போது அந்தச் சுமை இல்லை. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு, தவறில்லாமல் பதில் சொன்னால் போதும். பதில் தவறாக இருந்து, அது தெரிந்திருந்தால் கம்பெனி அந்த விலைக்குப் பாலிசி கொடுத்திருக்காது என்றால், அடுத்த கேள்வி அது எந்த வகைத் தவறு என்பது.

கவனக்குறைவு என்றால் கணக்கு ஓரளவு தாங்கக்கூடியது. கட்டிய பிரீமியத்துக்கும் கட்டியிருக்க வேண்டிய பிரீமியத்துக்கும் உள்ள விகிதத்தில் கிளெய்மைக் குறைத்துக் கொடுப்பார்கள். உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தால் 980-ஐ 2,350-ஆல் வகுக்க சுமார் 42 சதவீதம் வருகிறது. 1,900 பவுண்டு செலவில் ஏறக்குறைய 790 பவுண்டு, அதிலும் நம் கையிலிருந்து ஏற்க வேண்டிய எக்ஸஸ் தொகை போய்விடும். உண்மையைச் சொல்லியிருந்தால் பாலிசியே கொடுத்திருக்க மாட்டோம் என்று அவர்கள் காட்டினால், கிளெய்மை மறுத்துப் பிரீமியத்தைத் திருப்பித் தரலாம்.

வேண்டுமென்றே சொன்ன பொய் என்றால் பாலிசியை முதல் நாளிலிருந்தே செல்லாது என்று ஆக்கலாம். கிளெய்ம் கிடையாது, கட்டிய பிரீமியத்தையும் பொதுவாகத் திருப்பித் தர வேண்டியதில்லை. வேண்டுமென்றே செய்ததாக நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. ஆனால் உங்கள் விஷயத்தில் நிரூபிப்பது அவர்களுக்குக் கஷ்டமாக இருக்காது என்றே நினைக்கிறேன். காலை ஏழு மணிக்கு லெஸ்டரில் விபத்து. பாலிசியில் வண்டி நிற்கும் இடம் கோவென்ட்ரி. விபத்தைச் சொல்லப் போன் செய்தபோது வேலைக்குப் போகிறேன் என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள், அந்தப் பேச்சு பதிவாகியிருக்கும். மருத்துவமனை ஊழியர் பார்க்கிங்கில் வண்டி எண் கொடுத்திருந்தால் அதுவும் ஒரு சாட்சி. கடிதத்தில் அந்தக் கேள்விகளைக் கேட்டிருப்பதே, அவர்களுக்கு விடை பாதி தெரியும் என்பதால்தான்.

அண்ணன் இப்போது "எப்பவாவது" என்று எழுதினால், விண்ணப்பத்தில் இருந்த பொய்க்கு மேல் கிளெய்மிலும் ஒரு பொய் சேரும். இன்சூரன்ஸ் சான்றிதழ் பெறுவதற்காகப் பொய் சொல்வது 1988-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 174-ஆம் பிரிவின்படி குற்றம். 2006-ஆம் ஆண்டின் மோசடிச் சட்டமும் இருக்கிறது. நர்ஸ் பதிவு வைத்திருக்கும் உங்களுக்கு நேர்மை பற்றிய கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் அண்ணன் உண்மையை எழுதட்டும்: அதிகம் ஓட்டுவது தம்பி மனைவி, வண்டி இரவில் நிற்பது லெஸ்டரில், இதன் பின்விளைவு புரியாமல் செய்துவிட்டோம் என்று. கூடவே, விண்ணப்பத்தில் கேட்ட கேள்விகளின் வாசகத்தை அப்படியே அனுப்பச் சொல்லட்டும். சில நேரம் கேள்வி தெளிவில்லாமல் இருக்கும். இணையத்தில் விலை ஒப்பிடும் தளம் ஏதாவது முன்கூட்டியே டிக் செய்துவைத்த விடையாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் கவனக்குறைவு என்று வாதாட இடம் கிடைக்கும். செல்லாது என்று அவர்கள் அறிவிப்பதற்குப் பதிலாக, தானே ரத்து செய்துகொள்ள அனுமதிக்கும்படியும் கேட்டுப் பார்க்கலாம். ஒப்புக்கொள்வார்கள் என்று உறுதி சொல்ல மாட்டேன். கேட்பதில் நஷ்டமில்லை.

இடிபட்ட காரின் சொந்தக்காரர் நிலை வேறு. 2019 நவம்பர் 1-க்குப் பிறகு, விபத்து நடந்த பின் பாலிசியைச் செல்லாது என்று சொல்லி மூன்றாம் நபருக்குக் கொடுக்க வேண்டியதிலிருந்து கம்பெனி நழுவ முடியாது. அவருக்குப் பணம் கிடைத்துவிடும். அதைப் பிறகு உங்கள் பக்கம் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது என்பதுதான் கவலை. அந்தக் கடிதம் வந்தால் பயந்துபோய் உடனே தவணைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், எந்தப் பிரிவின் கீழ், யாரிடம் கேட்கிறார்கள் என்று முதலில் எழுதிக் கேளுங்கள்.

பாலிசி போய்விட்டது என்று தகவல் வந்த நிமிடத்திலிருந்து வண்டியைத் தெருவில் எடுக்கக் கூடாது, தெருவில் நிறுத்தவும் கூடாது. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் ஆறு தண்டனைப் புள்ளி. கோர்ட்டுக்குப் போனால் அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை. போலீஸ் வண்டியையும் பிடித்துக்கொள்ளலாம்.

இனி நீங்கள் கேட்காத, எனக்கு இன்னும் பெரிதாகத் தெரியும் விஷயம். வந்து பத்தரை மாதம் என்கிறீர்கள். இங்கே குடியிருக்கத் தொடங்கிய நாளிலிருந்து 12 மாதம் மட்டுமே இந்திய லைசென்ஸில் ஓட்டலாம். உங்களுக்கு ஆறு வாரம்தான் மிச்சம். சிங்கப்பூரில் டெஸ்ட் எழுதி லைசென்ஸ் வாங்கியவர் ஐந்தாண்டுக்குள் அதைக் கொடுத்து இங்கத்திய லைசென்ஸாக மாற்றிக்கொள்ளலாம். இந்திய, இலங்கை லைசென்ஸுக்கு அந்த வசதி இல்லை. 34 பவுண்டு கட்டி ஆன்லைனில், கற்றுக்கொள்கிறவருக்கான புரொவிஷனல் லைசென்ஸ் வாங்கி, தியரி டெஸ்ட் பாஸ் செய்து, பிறகு ரோடு டெஸ்ட். டெஸ்டுக்குத் தேதி கிடைக்கப் பல ஊர்களில் மாதக்கணக்கில் ஆகிறது. ஆறு வாரத்துக்குள் முடியாது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். 12 மாதம் முடிந்த மறுநாள் முதல், ஊரில் ஒன்பது வருடம் ஓட்டிய நீங்களும் கற்றுக்கொள்கிறவர்தான். எல் போர்டு மாட்டி, 21 வயது நிறைந்து மூன்று வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கும் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் ஓட்ட வேண்டும். காலை ஷிஃப்டுக்கு வண்டி பகிர்ந்துகொள்ள வார்டில் யாராவது இருக்கிறார்களா என்று இப்போதே கேட்டுவையுங்கள். அந்தத் தேதியைத் தெரியாமல் தாண்டிவிட்டு, பிறகு விபத்தில் மாட்டியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு அரசே கட்டணம் நிர்ணயிக்கிறது. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள காருக்கு 3,416 ரூபாய். நெல்லையில் எடுத்தாலும் சென்னையில் எடுத்தாலும் அதேதான். அந்தப் பழக்கத்தில் வந்தவருக்கு 2,350 பவுண்டு அநியாயமாகத் தெரிவது இயல்பு. இங்கே அரசு விலை வைப்பதில்லை. அஞ்சல் குறியீடு, வேலை, வண்டி நிற்கும் இடம், எவ்வகை லைசென்ஸ், எத்தனை வருடமாக இந்நாட்டில் இருக்கிறீர்கள் என்று எல்லாவற்றையும் கூட்டிக் கம்பெனி தானே விலை சொல்கிறது. அதற்கு மேல் 12 சதவீதம் காப்பீட்டு வரி.

இந்தியர் என்பதற்காகவே கூடுதல் விலை என்றால் அது 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்துக்கு எதிரானது. ஆனால் வெளிநாட்டு லைசென்ஸ், இங்கே ஓட்டிய அனுபவம் இல்லை என்று காரணம் சொல்லும்போது, அதை அவர்கள் விபத்துக் கணக்கை வைத்து நியாயப்படுத்த முடியும். ஆணா பெண்ணா என்று பார்த்து விலை வைப்பதும் 2012 டிசம்பரிலிருந்து தடை. தனியொருவராக இதை வழக்காக்கி ஜெயிப்பது கடினம். அந்தச் சக்தியை விலையைக் குறைப்பதில் செலவிடுங்கள்.

நேர்வழியில் நன்றாகவே குறையும். பெரிய இறக்கம் இங்கத்திய லைசென்ஸ் கைக்கு வந்ததும் வரும். ஊரில் பாலிசி வைத்திருந்த கம்பெனியிடம் நோ கிளெய்ம் போனஸ் சான்றிதழை ஆங்கிலத்தில், வருட எண்ணிக்கையோடு கேட்டு வாங்குங்கள். எல்லாக் கம்பெனியும் ஏற்காது, ஏற்கும் சிலவற்றை போன் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் ஓட்டும் விதத்தைப் பதிவு செய்யும் கருவியை வண்டியில் வைக்கும் பிளாக் பாக்ஸ் பாலிசியையும் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தால் மலிவு என்ற நம் ஊர்க் கணக்கு இங்கே பல சமயம் பொய்த்துப்போகும், முழுக் காப்பீட்டுக்கும் விலை கேளுங்கள். அண்ணன் உண்மையாகவே எப்போதாவது வண்டி எடுப்பவர் என்றால் அவரை நேம்டு டிரைவராகப் போடலாம், அதில் தப்பே இல்லை. மாதத் தவணையில் வட்டி இருக்கிறது. வேலைக்குப் போய்வரும் பயணம் பாலிசியில் சேர்ந்திருக்கிறதா என்றும் கட்டாயம் பாருங்கள். இது இல்லாத பாலிசியில் நர்ஸ்கள் ஓட்டுவதை நிறையப் பார்க்கிறேன். புதுப் பாலிசி எடுக்கும்போது, முன்பு ஏதாவது பாலிசி ரத்தானதா, விபத்து உண்டா என்று கேட்பார்கள். கேட்டபடியே பதில் சொல்லுங்கள், விலை கூடினாலும் சரி.

கம்பெனியின் முடிவு நியாயமில்லை என்று தோன்றினால் அண்ணன் முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ நிதி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, இறுதிப் பதில் கிடைத்ததிலிருந்து ஆறு மாத அவகாசம். இப்போதைக்கு அந்தக் கடிதம், பாலிசி அட்டவணை, விண்ணப்ப நகல் மூன்றையும் அண்ணன் தன் வக்கீலிடம் காட்டட்டும். கடிதத்தில் கெடுத் தேதி போட்டிருந்தால், அது முடிவதற்குள் கூடுதல் அவகாசம் கேட்டு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள்.