மெய்நிகர் (VR) கண்ணாடியில் கோயில் சிற்பங்களைக் காட்டினால் வேற்று நாட்டவருக்குப் புரியுமா?

புரியும், ஆனால் கண்ணாடியை மாட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டால் புரியாது. நீங்கள் கேட்பதைப் பார்த்தால் இந்தக் கருவியை வாங்கவே தீர்மானித்துவிட்டீர்கள் போலிருக்கிறது; ஆகவே எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வேலூர்க் கோட்டைக்கு அருகில் சிறிய தங்கும் விடுதி நடத்துகிறேன். சிகிச்சைக்காக டாக்காவிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், காலில் அறுவை முடிந்து நடக்க இயலாமல், நாள் முழுவதும் சன்னல் வழியே கோட்டை மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் என் மகன் எடுத்திருந்த படங்களை, கைப்பேசியைச் செருகிப் பார்க்கும் மலிவுக் கண்ணாடியில் அவருக்குக் காட்டினோம்.

கல்யாண மண்டபத்து யாளித் தூண்களை வியந்து பார்த்தவர், ரிஷப குஞ்சரம் என்ற சிற்பத்தில் குழம்பிவிட்டார். காளைக்கும் யானைக்கும் அதில் தலை ஒன்றுதான். ஓர் உடலைக் கையால் மறைத்தால் மற்றது முழு உருவமாகத் தெரியும். பழக்கதோஷத்தில் "கையால் மறைத்துப் பாருங்கள்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிவிட்டேன். அவரும் உள்ளங்கையை நீட்டினார். கண்ணாடிக்குள் இருந்தவருக்குத் தம் கையே தெரியவில்லை. மறுநாள் காலை நானே போய், சிற்பத்துக்கு முன்னால் என் கையை வைத்து, யானையை மறைத்து ஒன்றும் காளையை மறைத்து ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுத்து வந்தேன். அவற்றை மாற்றி மாற்றி நாலைந்து முறை பார்த்த பிறகுதான் அவர் கேள்வி கேட்கவே தொடங்கினார்.

பதினாறாம் நூற்றாண்டுக் கோயில் என்றேன். நெடுங்காலம் மூலவர் இல்லாமல் கிடந்ததையும், 1981 மார்ச்சில் பக்கத்துச் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் கொண்டுவரப்பட்டுப் பூசை மீண்டும் தொடங்கியதையும், அதே கோட்டைக்குள் மசூதியும் தேவாலயமும் இருப்பதையும் சொன்னேன். எவ்வளவு துல்லியமான படமானாலும் இவற்றைத் தானாகச் சொல்லிவிடாது. ஒரு கண்காட்சியில் புல்லாங்குழல் இசையோடு ஏதோ கோயிலைச் சுற்றிக் காட்டினார்கள். எந்த ஊர்க் கோயில் என்று கேட்டதற்கு அங்கிருந்த இளைஞருக்கே தெரியவில்லை. பணம் மட்டும் வாங்கிக்கொண்டார்.

தெய்வத்தைக் காட்சிப்பொருளாக்குகிறேன் என்று சண்டைக்கு வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கருவறைப் பக்கம் நாங்கள் கைப்பேசியைத் திருப்பவே இல்லை, நான் காட்டியது மண்டபத்தையும் சிற்பங்களையும் மட்டுமே.

ஆசிரியர் அந்தப் படங்களைத் தம் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினார். சென்ற மாதம் பேசியபோது, பேரப்பிள்ளைகள் காளையைப் பற்றியும் யானையைப் பற்றியும் கேட்டுவிட்டு, நடுவில் தெரியும் அந்தக் கை யாருடையது என்றும் கேட்டதாகச் சொன்னார்.