கிறிஸ்தவ விசுவாசத்தில் சமாதானமும் ஒற்றுமையும் உண்மையிலேயே கிடைக்குமா? அவர்களுக்குள்ளேயே இத்தனை சபைகள் இருக்கின்றனவே?

கேட்டவர் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். விசுவாசம் மனதுக்குச் சமாதானம் தருமா என்பது ஒன்று. தருமென்றால் கத்தோலிக்கம், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று ஒரே தெருவில் நாலு பலகை ஏன் தொங்குகிறது என்பது இன்னொன்று. இரண்டாவதில் ஒரு குத்தல் இருக்கிறது. நியாயமான குத்தல்தான்.

நான் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர் ஒன்றில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டது உள்ளே தேரிக்காட்டுப் பக்கம், ஒரு சிஎஸ்ஐ குடும்பத்தில். அம்மா வீட்டில் சாயங்காலம் ஜெபமாலை. மாமியார் வீட்டில் ராத்திரி பாமாலைப் புத்தகம் எடுத்துக் குடும்ப ஜெபம். குருவானவர் அங்கே சாமியார், இங்கே ஐயர். அங்கே பூசை, இங்கே ஆராதனை. இறையியல் படித்தவள் இல்லை. இரண்டு பக்கமும் பாத்திரம் கழுவியிருக்கிறேன், அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

கிடைக்கும் என்றுதான் சொல்வேன். ஆனால் நாம் எதிர்பார்க்கிற வரிசையில் கிடைக்காது. முதலில் மனம் அடங்க வேண்டும், பிறகு கருத்து ஒத்துப்போக வேண்டும், கடைசியில் கைகோர்க்கலாம் என்று நாம் நினைக்கிறோம். இந்த விசுவாசம் உருப்படியாக வேலை செய்த இடங்களில் நான் பார்த்தது நேர்மாறு. கை முதலில் நீளுகிறது. மனம் பின்னால் வந்து சேருகிறது, சில சமயம் வருஷக்கணக்கில் தாமதமாக.

அப்பமும் ரசமும் பகிர்ந்துகொள்ளும் சிஎஸ்ஐ திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுப்பது என்று ஒரு கட்டம் உண்டு. ஐயர் பீடத்தருகே நிற்பவருக்குக் கொடுக்க, அவர் அடுத்தவருக்குக் கொடுக்க, அப்படியே வரிசை வரிசையாகப் பின்னால் வரும். முறைப்படி செய்தால் வெறும் கைகுலுக்கல் இல்லை. வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை சேர, இடது கையால் மற்றவர் கையை மூட வேண்டும். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கத்திலிருந்து எடுத்து, 1950-ல் சிஎஸ்ஐ தன் புதிய திருவிருந்து முறைமையில் வைத்தது. மேல்நாட்டுச் சபைகள் பலவும் இதைப் பார்த்துத்தான் பிற்பாடு தங்கள் ஆராதனையில் சேர்த்துக்கொண்டன. இது வரும் இடத்தையும் கவனியுங்கள்: காணிக்கை எடுப்பதற்கு முன்னால். மத்தேயு 5-ல் இயேசு சொன்னது அப்படித்தான். பலிபீடத்தண்டை வந்தபின் உன் சகோதரனுக்கு உன்மேல் குறை இருக்கிறது என்று ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகிவிட்டு வா என்றார். எனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவனுக்கு என்மேல் இருந்தால். அதுதான் கஷ்டம்.

என் மாமியாருக்கும் அவருடைய ஓரகத்திக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு கிணற்றுப் பங்குத் தகராறு, நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தது. ஆனால் இருவரும் உட்காருவது ஒரே வரிசை. அவரவர் இடத்தை விட்டுக்கொடுக்க இருவருமே தயாரில்லை. அதனால் திருவிருந்து ஞாயிறு தவறாமல் ஒருவர் கையை ஒருவர் பிடித்தே ஆக வேண்டும். மாமியார் முகத்தைப் பார்க்க மாட்டார், கை மட்டும் நீளும். அவரும் அப்படியே. வெளியே வந்ததும் தனித்தனிப் பாதை. புதுசாகப் போனவளுக்கு இது வெறும் வேஷமாகத் தெரிந்தது. ரொம்பக் காலம் கழித்து மாமனார் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, அந்த ஓரகத்தி தூக்குச்சட்டியில் கஞ்சியோடு வந்து நின்றார். மாமியார் வாசலிலேயே, "வா, உள்ள வா" என்றார். கிணற்று விவகாரம் இன்றைக்கும் தீரவில்லை. ஆனால் பேச்சு வந்துவிட்டது. அத்தனை வருஷம் கையையாவது பிடித்துக்கொண்டிருக்காவிட்டால் அந்தப் படியேறியிருப்பாரா என்பது என் சந்தேகம். (கொரோனாவுக்குப் பிறகு எங்கள் சபையில் நின்ற இடத்திலிருந்தே ஒரு கும்பிடோடு முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு.)

சிஎஸ்ஐ உருவான கதையும் கிட்டத்தட்ட இதேதான், அளவுதான் பெரிசு. தூத்துக்குடி மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வி. எஸ். அசரியா, 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். அதற்கு இரண்டு வருஷம் முன் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளைக்கார மிஷனரிகள் நிறைந்திருந்த கூட்டத்தில் எழுந்து பேசினார். நீங்கள் சொத்தைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்று முடித்தார். இந்தியக் கிறிஸ்தவர்களைச் சரிசமமாக வீட்டுக்குள் கூப்பிட்டுப் பழகத் தயங்கியவர்களின் முகத்துக்கு நேரே சொன்னது அது.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள், இருவரைத் தவிர எல்லோரும் இந்தியர்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன் என்ற பிரிவுகள் எதையும் நாங்கள் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து எங்கள்மேல் வைக்கப்பட்டவை, இவற்றைத் தொடர்ந்து சுமக்க எங்களுக்கு விருப்பமில்லை என்று அறிக்கை விட்டார்கள். மேல்நாட்டில் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டு வரை யாரோ போட்ட சண்டைக்கு நாசரேத்திலும் மதுரையிலும் இருப்பவர்கள் ஏன் தனித்தனியாக உட்கார வேண்டும்? நியாயமான கேள்விதானே.

ஆனால் அதற்குப் பிறகு 28 வருஷம் பேசினார்கள். முட்டுக்கட்டை பேராயர் பதவி. ஆங்கிலிக்கன் முறையில் குருவானவருக்குப் பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்ய வேண்டும். மற்ற சபைகளின் ஊழியர்களுக்கு அப்படி நடந்திருக்கவில்லை. அவர்களுக்கு மறுபடி அபிஷேகம் செய்தால், இத்தனை நாள் நீ செய்த ஊழியம் செல்லாது என்று சொன்னது போல ஆகிவிடும். செய்யாவிட்டால் ஆங்கிலிக்கன் பக்கத்தில் கடுமையான மனக்கசப்பு. இங்கிலாந்தில் கவிஞர் டி. எஸ். எலியட் கூட இந்தத் திட்டத்தை எதிர்த்து ஒரு சிறு பிரசுரம் எழுதினார். வெள்ளாளன்விளைக்காரர் ஒருவர் தொடங்கிவைத்த பேச்சு லண்டன் வரைக்கும் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு ஊர்ப் பெருமை, மன்னித்துவிடுங்கள்.

கடைசியில் அவர்கள் கண்ட வழி என்னவென்றால், எல்லாவற்றையும் தீர்த்துவிட்டுச் சேருவது இல்லை, சேர்ந்துவிட்டுத் தீர்ப்பது. இப்போது இருக்கும் ஊழியர்கள் எல்லோரையும் இருக்கிறபடியே ஏற்றுக்கொள்வது. இனிமேல் வருகிறவர்களுக்குப் பேராயர் கைவைப்பது. 30 வருஷம் இப்படி ஒன்றாக வாழ்ந்துபார்த்துவிட்டு மிச்சத்தை முடிவு செய்வது. எந்தச் சபையின்மேலும் அதற்குப் பழக்கமில்லாத ஆராதனை முறையையோ, மனசாட்சி ஒப்பாத ஊழியரையோ திணிப்பதில்லை என்று வாக்கும் கொடுத்தார்கள். சுதந்திரம் கிடைத்த அடுத்த மாதம், 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் இந்தச் சபைகள் இணைந்து சிஎஸ்ஐ பிறந்தது. நாடு இரண்டாகப் பிரிந்து வடக்கே ரத்தம் ஓடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1-ல் இறந்துபோனார்.

எல்லோரும் வந்துவிடவில்லை. ஆந்திரத்து நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்களில் ஒரு பிரிவினர் வெளியே நின்றார்கள், 1975-ல்தான் வந்தார்கள். யாரும் போய் அவர்கள் கதவை உடைக்கவில்லை. தமிழ் லுத்தரன் சபை இன்றுவரை தனியாகத்தான் இருக்கிறது. 1706-ல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கிய லுத்தரன் மண்ணான தரங்கம்பாடியில்தான் இந்த ஒற்றுமைப் பேச்சே பிறந்தது என்பது வேடிக்கை.

இதைப் படித்துவிட்டு, ஆஹா என்று யாராவது புறப்பட்டு வருவதற்கு முன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மேல்நாட்டுச் சண்டையைத் தீர்ப்பது ஒப்பிட்டால் சுலபம். நம்முடைய சொந்தச் சண்டை சாதி. வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கத்தோலிக்கக் கோயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பீடம் ஒன்று, அதிலிருந்து கால்சட்டையின் இரண்டு கால் போல இரண்டு கூடங்கள் பிரியும். வெள்ளாளர் ஒன்றில், நாடார் ஒன்றில், நடுவே சுவர். எல்லோருக்கும் பீடம் தெரியும், ஒருவரை ஒருவர் தெரியாது. பகையாக நின்ற நடுச்சுவரைக் கிறிஸ்து தகர்த்தார் என்று எபேசியருக்கு எழுதின நிருபத்தை வாசித்துக்கொண்டே கட்டிய சுவர்! 1910-ல் கௌசானல் அடிகள் அதை இடித்தார். சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும் வழக்கு போனது. சுவர் திரும்ப எழவில்லை.

சிஎஸ்ஐ பக்கம் கல்சுவர் இல்லை என்று நிம்மதிப்பட முடியாது. எங்கள் ஊர்களில் அசனப் பண்டிகை பெரிய சந்தோஷம். வீட்டுக்கு வீடு அரிசியும் பணமும் ஆடும் வரும். கோயில் வளாகத்தில் கிடாரம் ஏறும். ஆம்பிளைகள் ராத்திரியெல்லாம் கறி வெட்டுவார்கள். மறுநாள் ஊரே பந்தியில் உட்காரும், இந்துக் குடும்பங்களும் வருவார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒற்றுமை என்றால் இதுதான் என்று கண் கலங்கிவிடும். ஆனால் பல ஊர்களில் அந்தப் பந்தியில் உட்காருகிற கிறிஸ்தவர்கள் ஒரே சாதி, அடுத்த தெருச் சபைக்குத் தனி அசனம். ஒரு பேராயரின்கீழ் வரும் சபைகளின் தொகுதியான திருமண்டலத்துக்குத் தேர்தல் வந்தால் கேட்கவே வேண்டாம். அணி, சுவரொட்டி, வழக்கு. நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதியை அனுப்பித் திருமண்டலத்தை நடத்தவைத்த காலங்களும் உண்டு. கை நீட்டுகிற பழக்கம் திருவிருந்து வரிசையோடு நின்றுபோனால் இப்படித்தான் ஆகும். அப்படிப்பட்ட இடத்தில் சமாதானம் இருக்கிறது என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

சரி, மனச் சமாதானம். யோவான் சுவிசேஷத்தில் "என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்" என்று இயேசு சொல்வது, அவரைப் பிடித்துக்கொண்டுபோன அதே ராத்திரி. உயிர்த்தபின் சீஷர்களிடம் வந்து "உங்களுக்குச் சமாதானம்" என்கிறபோது அவர்கள் பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அவரும் காயத்தோடு கையைக் காட்டுகிறார். ஆக, கவலை இல்லாத நிலைமையை இது வாக்குக் கொடுக்கவில்லை. எனக்கு இது புரிந்தது அப்பா இறந்தபோது. ஜெபம் பண்ணினேன், துக்கம் இறங்கவில்லை. ராத்திரி அன்பியத்துப் பெண்கள், அதாவது பங்கில் அக்கம்பக்கத்துக் குழுவினர், வந்து ஜெபமாலை சொன்னார்கள். எங்கள் ஐயர் பஸ் பிடித்து வந்து, மாதா படத்துக்குக் கீழேயே உட்கார்ந்து 90-ஆம் சங்கீதம் வாசித்தார். மாமியார் வாழ்க்கையில் முதல்முறையாக ஜெபமாலைக்கு நடுவே உட்கார்ந்திருந்தார், உதடு அசையவில்லை, ஆனால் எழுந்து போகவும் இல்லை. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வந்தது. விசுவாசத்தின் சமாதானம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஞாபகம் வருவது அந்தக் கூடம்தான். அதனால், மனச் சமாதானத்துக்கு ஒரு வழி, ஒற்றுமைக்கு வேறொரு வழி என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

புத்தகத்தில் வருகிற ஒற்றுமை இந்த அளவுக்குப் போய்ச் சேருவதில்லை. 1995-ல் கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் கொண்டுவந்தார்கள், நல்ல தமிழ். கத்தோலிக்கர்தான் அதை வைத்திருக்கிறார்கள். மாமியாருக்கு ஒரு பிரதி வாங்கிக் கொடுத்தேன். மரியாதையாக அலமாரியில் வைத்துவிட்டுத் தன் கறுப்பு அட்டை வேதாகமத்தையே எடுத்துக்கொண்டார்.

நற்கருணை, அதாவது கத்தோலிக்கப் பக்கத்துத் திருவிருந்து, மட்டும் தீராமல் கிடக்கிறது. கல்யாணத்துக்காக நான் சிஎஸ்ஐயில் திடப்படுத்தல் எடுத்தவள். எங்கள் ஊர் மாதா திருவிழாவுக்குப் போனால், அம்மா நன்மை (நற்கருணை அப்பம்) வாங்க எழுந்து போகும்போது நானும் என் வீட்டுக்காரரும் பெஞ்சிலேயே இருக்க வேண்டும். ஞானஸ்நானம் வாங்கிய கோயிலில் எனக்கு இடமில்லையா என்று முதலில் ஆத்திரமாக வந்தது, இப்போது அலுப்புதான். மேலே பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மீட்பு எப்படிக் கிடைக்கிறது என்ற பழைய சண்டையில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் 1999-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டு அறிக்கையிலேயே கையெழுத்துப் போட்டார்கள். ஆனாலும் ஒரே மேசை இன்னும் இல்லை. தரங்கம்பாடிக்காரர்கள் போல முதலில் உட்கார்ந்துவிட்டு மிச்சத்தை 30 வருஷம் பேசலாமே என்று எங்கள் ஊர்ச் சாமியாரிடம் ஒருமுறை கேட்டேன். "ரோமுக்கு ஒரு கடிதம் எழுதிப் போடும்மா, நானும் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.