திருகோணமலையில் வேலைக்கு எந்தப் போன்? சிக்னலும் வேகமும்: கேள்வி பதில்

உப்புவெளி, விருந்தினர் விடுதி: அண்ணா, இப்ப இருக்கிறது 4ஜி போன். கடைக்காரர் 5ஜி எடுத்தால் நெட் பறக்கும் எண்டு நிக்கிறார். உண்மையோ?

விடுதியில் நின்று பார்த்தால்தான் தெரியும். 5ஜி போன் வைத்திருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு, உங்கள் சிம்மைப் போட்டு வரவேற்பு மேசையடியில் பாருங்கோ. 5ஜி அடையாளம் வராவிட்டால் அந்த எழுத்துக்குக் கொடுக்கும் காசு வீண். 5ஜிக்குப் பரவலாகப் பயன்படும் என்78 பாண்ட் (பாண்ட் என்றால் சிக்னல் ஓடும் அலைவரிசை) 3.5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது; 4ஜியின் 1800 மெகாஹெர்ட்ஸை விட அது சுவரில் அதிகமாக அடிபடும்.

ஆனாலும் கடைக்காரர் முழுப்பொய் சொல்லவில்லை. மலிவான 4ஜி போன்கள் பலவற்றில் மொடம், அதாவது டவரோடு பேசும் பகுதி, 'கட்டகரி 4' தரம். ஒரு நேரத்தில் ஒரு பாண்ட்தான் பிடிக்கும். உச்ச வேகம் இறக்கத்துக்கு (டவுன்லோட்) 150, ஏற்றத்துக்கு (அப்லோட்) 50 எம்பிபிஎஸ், அதாவது செக்கனுக்கு இத்தனை மெகாபிட். கட்டகரி 6 என்றால் இரண்டு பாண்டைச் சேர்த்து 300, கட்டகரி 12 என்றால் 600. இதெல்லாம் டவரடியில் தனி ஆளாக நின்றால் வரும் கணக்கு. பின்னேரம் 7 மணிக்குப் பிறகு ஊர்ச்சனம் முழுக்க ஒரே டவரில் தொங்கும்போதுதான் இரண்டு பாண்ட் பிடிக்கும் போனுக்கு வித்தியாசம் தெரியும். 5ஜி போன்களின் மொடம் 4ஜியிலும் இதைச் செய்யும். விலை வித்தியாசம் சின்னது என்றால் எடுங்கோ. பெரிது என்றால் கட்டகரி 6க்குக் குறையாத 4ஜி போன் காணும்.

நிலாவெளி, ஹொட்டல் முன்பதிவு வேலை: வேகம் அளந்தால் 40 எம்பிபிஎஸ் காட்டுது. ஆனா சூமில என்ர முகம் உறைஞ்சு போகுது, மற்றவையைத் தெளிவாத் தெரியுது. போன் பழுதோ?

பழுதில்லை, தங்கச்சி. 40 என்பது இறக்கம். உங்கள் முகம் போவது ஏற்றத்தில். டவர் பலமாகக் கத்தும், போன் கத்த முடியாது: 4ஜி போனின் அனுப்பும் சக்தி வழக்கமாக 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட்தான். டவருக்குத் தூரம் போகப்போக, அது சொல்வது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் சொல்வது அதற்குக் கேட்காது. அதனால் முதலில் விழுவது ஏற்றம்.

சூமில் இருவர் மட்டும் பேச 720 தரத்துக்கு இரு பக்கமும் 1.2 எம்பிபிஎஸ் வேணும். 1080 தரத்துக்கு ஏற்றம் 3.8, இறக்கம் 3. ஆகவே அளக்கும்போது ஏற்றத்தையும் பிங்கையும் (பதில் திரும்பி வர எடுக்கும் நேரம்) எழுதி வையுங்கோ. ஏற்றம் 3க்கு மேல், பிங் 60 மில்லிசெக்கனுக்குக் கீழ் என்று நிலையாக நின்றால் 720 தர வேலைக்குத் தாராளம். இறக்கம் 15தான் என்றாலும் பரவாயில்லை.

காலை 8, மதியம் 1, இரவு 8 என்று மூன்று நேரம், வேலை செய்யும் அதே கதிரையில் இருந்து அளக்கவேணும். 40 எம்பிபிஎஸில் ஒரு தடவை அளக்கவே கிட்டத்தட்ட 75 எம்பி டேட்டா போகும். சின்னப் பக்கேஜ்காரர் கவனம்.

ஓர்ஸ் ஹில், ஆசிரியை: வீட்டுக்குள்ள ஒரு கோடு, முற்றத்தில நாலு கோடு. விலை கூடின போன் எடுத்தால் சரிவருமா?

கோடுகளை நம்பாதேங்கோ, டீச்சர். எத்தனை டிபிஎமுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு கொம்பனியும் தன்பாட்டில் வைத்திருக்கிறது. அன்ட்ரொயிட் போன் என்றால் டயல் பண்ணும் இடத்தில் *#*#4636#*#* அடித்து போன் தகவலுக்குள் போங்கோ. சாம்சுங்கில் *#0011#, ஐபோனில் *3001#12345#* அடித்துக் கோல் பட்டன். அங்கே ஆர்எஸ்ஆர்பி (RSRP) என்று ஒரு கழித்தல் எண் இருக்கும்; டவர் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதன் அளவு அது. -90 அல்லது அதைவிட நல்லது என்றால் தாராளம்; -100 பக்கம் வேலை ஓடும்; -110ஐத் தாண்டினால் ஏற்றம் படுக்கும்; -118 பக்கம் கோலே அறுபடும். எஸ்ஐஎன்ஆர் (SINR), அதாவது இரைச்சலுக்கு மேலே சிக்னல் எவ்வளவு என்ற எண்ணையும் பாருங்கோ. அது 13க்கு மேல் நல்லது, சுழியத்துக்குக் கீழே போனால் சிக்னல் இருந்தும் இரைச்சலில் கரைகிறது என்று அர்த்தம்.

முற்றத்தில் -88, உள்ளே -112 என்றால் குற்றம் சுவரிலும் கொங்கிறீட் தட்டிலும். தகரக் கூரை அதைவிட மோசம். எந்த விலைப் போனும் அதை முழுக்க வெல்லாது. 900 மெகாஹெர்ட்ஸ் 4ஜி, அதாவது பாண்ட் 8, பிடிக்கும் போனும் அந்தப் பக்கம் பாண்ட் 8 தரும் சிம்மும் இருந்தால் 1800ஐ விட உள்ளே அதிகம் வரும். அதற்கு முன் ஒரு மலிவான வழி: பழைய போன் ஒன்றில் சிம்மைப் போட்டு, டவர் பக்க ஜன்னலில் வைத்து, சார்ஜரில் விட்டு ஹொட்ஸ்பொட் போடுங்கோ. வகுப்பு எடுக்கும் போனை வைபையில் இணையுங்கோ. ஜன்னலில் வெயில் படுகிறதா என்று மட்டும் பார்க்கவேணும்.

மூதூர், கள உத்தியோகத்தர்: லப்டொப்புக்கு ஹொட்ஸ்பொட் குடுத்து அறிக்கை ஏத்தேக்க, கோல் ஒண்டு வந்தா நெட் செத்துப்போகுது.

வோல்டி (VoLTE), அதாவது 4ஜியிலேயே கோல் பேசும் வசதி, வேலை செய்யவில்லை. வோல்டி இல்லாத போன், கோல் வந்ததும் 4ஜியை விட்டு 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கும். 2ஜிக்கு இறங்கினால் டேட்டா நின்றமாதிரித்தான். சோதனை சுலபம்: கோல் எடுத்துக்கொண்டு மேலே அடையாளத்தைப் பாருங்கோ. 4ஜி மாறாமல் நின்றால் சரி. எச் (3ஜி) அல்லது ஈ (2ஜி) என்று மாறினால் செட்டிங்கில் மொபைல் நெட்வேர்க்குக்குள் வோல்டி பொத்தானைத் தேடி ஓன் பண்ணுங்கோ. பொத்தானே இல்லையென்றால், அந்த மொடலுக்கு உங்கள் சிம் கொம்பனி அனுமதி திறக்கவில்லை, அல்லது வேறு நாட்டு மென்பொருள். போன் பெட்டியில் வோல்டி உண்டு என்று எழுதியிருந்தாலும் இப்படி நடக்கும். வாங்க முதல் மொடல் எண்ணைச் சொல்லி சிம் கொம்பனியிடம் கேளுங்கோ.

லப்டொப்பை யூஎஸ்பி வயரில் இணைப்பது வைபையை விட நிலையானது. 1 ஜிபி கோப்பு 4 எம்பிபிஎஸ் ஏற்றத்தில் போக 33 நிமிடம். அதற்குள் கோல் வராமல் இருக்காது.

கிண்ணியா, கடை: அண்ணன், துபாயில இருக்கிற தம்பி ஐபோன் அனுப்புறான். இங்க வேலை செய்யுமா?

செய்யும், ஆனால் அனுப்ப முதல் நாலு விஷயம் கேளுங்கோ. ஒன்று, போன் ஒரு சிம் கொம்பனிக்குப் பூட்டியதா? பூட்டியது என்றால் வேண்டாம். இரண்டு, எந்த நாட்டுக்குச் செய்தது? அமெரிக்காவுக்கான ஐபோன் 14 தொடக்கம் சிம் தட்டே கிடையாது, ஈசிம் (போனுக்குள்ளேயே இருக்கும் சிம்) மட்டும். மூன்று, மொடல் எண்ணை வைத்து 4ஜி பாண்ட் 1, 3, 8 இருக்கிறதா என்று பார்க்கவேணும். ஐபோனில் பிரச்சினையில்லை, வேறு கொம்பனிகளின் அமெரிக்க மொடல்களில் பாண்ட் 8 இல்லாமல் வருவதுண்டு. நாலாவது ஐஎம்இஐ (IMEI), போனின் அடையாள எண்: தம்பியை *#06# அடித்து 15 இலக்கத்தையும் அனுப்பச் சொல்லுங்கோ. ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஒரு இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை 1909க்கு எஸ்எம்எஸ் பண்ணினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவு உண்டா என்று பதில் வரும். இங்கே பழைய போன் வாங்குவோரும் காசு குடுக்க முதல் இதைச் செய்யவேணும்.

கொட்பே, மீன் வியாபாரம்: ரெண்டு சிம் போடுறன், ஒண்டு டயலொக், மற்றது எயார்டெல். கரையில ஒண்டு போனா மற்றதும் போகுது.

இரண்டும் இப்ப ஒரே கொம்பனி, அண்ணே. எயார்டெல் லங்கா 2024ல் டயலொக்கோடு சேர்ந்தது; எடிசலாட் 2018லேயே ஹட்சோடு போய்விட்டது. மிஞ்சியது டயலொக், மொபிடெல், ஹட்ச் மூன்றும்தான். ஒன்று விழ மற்றது நிற்கவேணும் என்றால் இரண்டாவது சிம் வேறு கொம்பனியாக இருக்கட்டும். இன்னொன்று, மலிவுப் போன்களில் இரண்டாவது தட்டு சிம்முக்கோ மெமரி காட்டுக்கோ, இரண்டில் ஒன்றுக்குத்தான்.

கடலுக்குள் போகும்போது போனை நம்பவேண்டாம். தண்ணீரில் தடை இல்லாததால் கோடு காட்டிக்கொண்டே இருக்கும், கோல் போகாது. 2ஜியிலேயே டவரிலிருந்து சாதாரண எல்லை 35 கிலோமீற்றர். விஎச்எப் ரேடியோவுக்கு மாற்று இல்லை.

கந்தளாய், டெலிவரி: மதியத்தில மட்டும் நெட் மெதுவாகுது.

மோட்டார்சைக்கிள் ஹாண்டிலில் வெயிலில் பூட்டியிருக்கிறீங்களோ? போன் சுட்டால் மொடம் தன் வேகத்தைத் தானே குறைக்கும், சார்ஜும் ஏறாது. கறுப்புக் கவரைக் கழற்றி, நிழலான பையில் ஒரு நாள் வைத்துப் பாருங்கோ. அப்படியும் மெதுவென்றால் டவர் நெருக்கடி. மற்ற சிம்மைப் போட்டு அதே நேரத்தில் அளவுங்கோ.