பழைய எம்ஜிபி காருக்கு இறப்பர் புஷ்ஷா, பொலியூரித்தேன் புஷ்ஷா?

கேள்வி: என்னிடம் 1971ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்று உள்ளது. வார இறுதிகளில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை வழியாகக் காலி வரை ஓட்டிச் செல்வேன். வேகம் கூடும்போது கார் நேராக நிற்காமல் அலைகிறது. பிரேக் பிடிக்கும்போது முன்பக்கத்தில் ‘டொக்’ என்ற ஓசை கேட்கிறது. சஸ்பென்ஷன் புஷ்கள் (அசையும் இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் வளையத் துண்டுகள்) அனைத்தையும் மாற்ற வேண்டும் என்கிறார் கராஜ் பாஸ். வெளிநாட்டிலிருந்து பொலியூரித்தேன் (இறப்பரைவிடக் கடினமான செயற்கைப் பொருள்) தொகுதியை வரவழைப்பதா, பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் இறப்பர் புஷ்களையே போடுவதா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: எல்லா இடங்களுக்கும் ஒரே பொருளைப் போடாதீர்கள் என்பதே என் பதில். ஒவ்வொரு புஷ்ஷும் எந்தத் திசையில், எவ்வளவு அசைய வேண்டியிருக்கிறது என்று பார்த்த பிறகே அதற்கான பொருளைத் தெரிவு செய்ய வேண்டும்.

அதற்கும் முன்னர், நீங்கள் சொல்லும் கோளாறு புஷ்ஷினால்தான் வருகிறதா என்பதை உறுதிசெய்யுங்கள். கிங் பின் (முன்சில்லு திரும்பும் அச்சாணி), சில்லுப் பேரிங், ஸ்டியரிங் ராக் ஆகியவற்றின் தேய்மானமும், பின் அச்சைத் தகட்டு ஸ்பிரிங்கான லீஃப் ஸ்பிரிங்குடன் பிணைக்கும் யூ போல்ட்களின் தளர்வும் ஏறக்குறைய இதே அறிகுறிகளைத் தரும். எம்ஜிபியின் கிங் பின்னுக்குத் தவறாமல் கிறீஸ் அடிக்க வேண்டும்; அது தேய்ந்த காரில் எவ்வளவு விலையுயர்ந்த புஷ்ஷைப் போட்டாலும் அலைவு நிற்காது.

இனி முன்பக்கம். 1962 முதல் 1980 வரை உற்பத்தியான எம்ஜிபியில், சில்லைச் சட்டகத்துடன் இணைக்கும் கையான கீழ் விஷ்போனின் உட்புற முனைகளில் பக்கத்துக்கு நான்காக எட்டு இறப்பர்ப் பாதிகள் இருக்கும். இவை உலோகத்துடன் ஒட்டப்படாமல், இரு புறமிருந்தும் செருகி இறுக்கப்படும் வெறும் இறப்பர்த் துண்டுகள். பிரேக் பிடிக்கும்போது சில்லைப் பின்னோக்கித் தள்ளும் விசை பெரும்பாலும் இவற்றின் மீதே விழுகிறது. போதாக்குறைக்கு, எஞ்சினிலிருந்தும் பழைய லீவர் ஆம் டாம்பரிலிருந்தும் (அதிர்வடக்கி) கசியும் ஒயில் இவற்றை நனைத்து ஊதவும் குழையவும் செய்கிறது. நீங்கள் கேட்கும் ‘டொக்’ ஓசைக்கு நான் முதலில் சந்தேகிப்பது இந்த எட்டுத் துண்டுகளைத்தான்.

இந்த இடத்துக்கு நான் பரிந்துரைப்பது பொலியூரித்தேனும் அல்ல, அதே பழைய வகை இறப்பரும் அல்ல. 1973 முதல் 1976 வரை தயாரான எம்ஜிபி ஜிடி வி8 காரில் இருந்த புஷ் வகை. இதில் உள்ளேயும் வெளியேயும் உலோகக் குழல்கள் இருக்க, இடையிலுள்ள இறப்பர் இரண்டுடனும் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். நான்கு சிலிண்டர் எம்ஜிபிக்கும் இதைப் போடலாம்; எட்டுப் பாதிகளுக்குப் பதிலாக நான்கு புஷ்கள் போதும். விஷ்போன் மேலும் கீழும் அசையும்போது இங்கே எதுவும் வழுக்குவதில்லை. இறப்பர் முறுக்கிக்கொண்டு மீள்கிறது, அவ்வளவுதான். ஆகவே கிறீஸ் தேவையில்லை, மணலும் உப்புத்தூளும் புகுந்து அரைக்க இடைவெளியும் இல்லை. கடலோரத்தில் வசிக்கும் உங்களுக்கு இது சிறிய நன்மையல்ல.

ஆனால் இந்த வகைப் புஷ்ஷில் ஒரு நிபந்தனை உண்டு. அதை மீறினால் போட்ட பணம் வீண். காரை ஜக்கில் உயர்த்திச் சில்லுகள் தொங்கும் நிலையில் நட்டை முழுவதுமாக இறுக்கினால், உட்குழல் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும். பிறகு காரைக் கீழே இறக்கும்போது, அது சும்மா நிற்கும் நேரத்திலும் இறப்பர் முறுக்குண்டபடியே இருக்கும்; சில மாதங்களில் கிழியும். என்னுடைய காருக்கு ஒரு கராஜில் இப்படித்தான் செய்துவிட்டார்கள்; ஒரே ஆண்டுக்குள் அனைத்தையும் மீண்டும் கழற்ற நேர்ந்தது. எனவே நட்டை முதலில் தளர்வாக மட்டும் பூட்டி, காரின் முழு எடையும் சில்லுகளின் மேல் நிற்கும்போதே இறுதியாக இறுக்கும்படி பாஸிடம் சொல்லுங்கள். முடிந்தால் அருகில் நின்று பாருங்கள்.

பின்பக்கத்தின் நிலை வேறு. லீஃப் ஸ்பிரிங்கின் முன் கண் (முனையிலுள்ள வளையம்) மேலும் கீழும் சுழல்வதோடு நிற்பதில்லை; கார் வளைவில் சாயும்போது அந்த ஸ்பிரிங்கே சற்று முறுகுகிறது. இரண்டு திசைகளிலும் விட்டுக்கொடுக்கக்கூடியது இறப்பர். பொலியூரித்தேன் புஷ் ஒரு குழலைச் சுற்றிச் சுழல்வதற்கு ஏற்றது. பக்கவாட்டு முறுக்கை அது எதிர்த்து நிற்கும். முன் கண், பின் கண், ஷக்கிள் (ஸ்பிரிங்கின் பின் முனையைக் காருடன் இணைக்கும் அசையும் இணைப்பு) ஆகிய மூன்றிலும் கடினமான பொலியூரித்தேனைப் போட்டால் பின்பக்கம் விறைத்து, கொழும்பின் குழிகளிலெல்லாம் இடுப்பைத் தாக்கும். கிறீஸ் காய்ந்ததும் கிறீச்சிடவும் தொடங்கும். முன் கண்ணில் இறப்பரையே போடுங்கள். ஷக்கிளில் பொலியூரித்தேனை விரும்பினால் போடலாம், நான் போடமாட்டேன்.

பொலியூரித்தேன் உண்மையில் பொருந்தும் இடம் வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியான முன் அன்டி ரோல் பாரின் தாங்கிகள். உங்கள் காரில் அந்தப் பார் இருந்தால் அங்கே தயங்காமல் போடுங்கள். பார் ஒரே அச்சில் மட்டுமே சுழல்வதால், கடினத்தன்மை அங்கே குறையாக இல்லாமல் பலமாகிறது. சாலைக் கார்களின் இறப்பர் புஷ்கள் பொதுவாக ஷோர் ஏ என்னும் கடினத்தன்மை அளவில் 50 முதல் 70 வரையும், பொலியூரித்தேன் புஷ்கள் 80 முதல் 95 வரையும் இருக்கும். வாங்கும்போது எண்ணைக் கேட்டுப் பாருங்கள். நிறம் எதையும் சொல்லாது, ஏனெனில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்கு விருப்பமான நிறத்தையே தருகின்றனர்.

நம் ஊருக்கென்றே கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. பொலியூரித்தேனில் பொலியெஸ்டர் வகை, பொலியீதர் வகை என இரண்டு உண்டு. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் பொலியெஸ்டர் வகையின் மூலக்கூற்றுச் சங்கிலிகள் நீரால் அறுபட்டு, பொருள் பிசுபிசுத்து உதிரும். பொலியீதர் வகை இதை நன்றாகத் தாங்கும். குளிர்நாட்டில் பல ஆண்டுகள் உழைத்த புஷ் இங்கேயும் அவ்வாறே உழைக்கும் என்று நம்ப வேண்டாம்.

பஞ்சிகாவத்தையில் இறப்பர் புஷ் வாங்குவதாயின், ‘பழைய ஒரிஜினல் ஸ்டொக்’ என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள். இறப்பர் அலமாரியில் இருந்தபடியே மூப்படையும்; காற்றிலுள்ள ஓசோன் அதன் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகளை உண்டாக்கும். விரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழுந்து மீள வேண்டும். 1876இல் ஹெனரத்கொட பூங்காவில் இறப்பர் மரக் கன்றுகளை நட்ட நாடு நம்முடையது. இயற்கை இறப்பர் இழுபடும்போது அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டுப் படிகமாகி, வெடிப்பு மேலும் பரவுவதைத் தடுக்கின்றன. இலட்சக்கணக்கான தடவைகள் முறுக்கி மீள வேண்டிய ஒரு புஷ்ஷுக்கு இதைவிட நல்ல குணம் வேண்டியதில்லை. ஒயிலும் ஓசோனும் அதன் பெரும் பகை. ஆகவே புதிய புஷ் போடுமுன் டாம்பர் கசிவைச் சீர்செய்யுங்கள்.

கேள்வி: லேத் பட்டறையில் நைலோன் புஷ் கடைந்து தருவதாகச் சொல்கிறார்கள். செலவு மிகக் குறைவு. போடலாமா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம். நைலோன் 6 நீரில் முழுமையாக ஊறினால் தன் எடையில் ஏறக்குறைய 9 சதவீத நீரை உறிஞ்சி ஊதும். மழைக்காலத்தில் நடுவிலுள்ள தண்டைக் கவ்விப் பிடித்துவிடும். அசிட்டால் என்ற இன்னொரு பிளாஸ்டிக் அந்தளவுக்கு ஊதாது என்றாலும், அதிர்வை உள்வாங்கும் தன்மை அதற்கும் இல்லை. அவை பந்தயக் காருக்கு உரியவை. காலி வீதியின் ஒவ்வொரு மேன்ஹோல் மூடியும் நேரே சட்டகத்தில் அடிக்கும்.

கேள்வி: லீஃப் ஸ்பிரிங் கண்ணில் இறுகிவிட்ட பழைய புஷ்ஷை காஸ் அடித்து எரித்து எடுப்பது வழக்கம். இதில் தவறு உண்டா?
— வாசகர், தெஹிவளை

பதில்: தவறுதான். ஸ்பிரிங் உருக்கு அளவுக்கு மீறிச் சூடானால் அதன் பதம் கெட்டு, அந்தக் கண் பலவீனமடையும். எரியும் இறப்பரின் புகையும் நச்சு. இறப்பரை நடுவில் துளைத்து உட்குழலை வெளியே எடுங்கள். பிறகு ஆக்சோ பிளேட்டை உள்ளே விட்டு, கண்ணில் வெட்டு விழாதபடி வெளிக்குழலை மட்டும் நீளவாக்கில் அறுத்து, உளியால் உள்நோக்கி மடித்தால் அது தளர்ந்து வரும். புதியதைப் பிரெஸ்ஸில் ஏற்றும்போது சவர்க்கார நீர் போதும். பெற்றோலியக் கிறீஸ் பட்டால் இயற்கை இறப்பர் ஊதும்.