பாட்டி திடீரென்று மாற்றி மாற்றிப் பேசுகிறார், நடை தள்ளாடுகிறது, வயதுக் கோளாறுதானா?

வயது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், பாட்டி சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் அள்ளிப் போட்டு டாக்டரிடம் கொண்டு போங்கள். சீட்டு போதாது, மாத்திரைகளையே. நாங்கள் மூன்று வாரம் கோட்டை விட்டவர்கள்.

தண்டையார்பேட்டையில் எங்கள் ஆயாவுக்கு அப்போது 76. பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் போட்டுக்கொண்டிருந்தவருக்கு அதை 10 ஆக்கினார்கள். ஒரு மாதத்தில் கால் வீங்கிவிட்டது, ரப்பர் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் ராத்திரி வரைக்கும் அப்படியே கிடக்கும். தெருமுனை கிளினிக்கில் காட்டினோம். ஏற்கெனவே என்ன மாத்திரை என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நீர் பிரிய ஹைட்ரோகுளோரோதயசைடு எழுதிக் கொடுத்தார். போதாக்குறைக்கு அம்மா யாரோ சொன்னார்கள் என்று குழம்பில் உப்பையும் குறைத்துவிட்டார்.

வீக்கம் வடிந்தபாடில்லை, ஆள்தான் மாறிப்போனார். அடிபம்பில் தண்ணீர் எப்போது வரும் என்று தெருவுக்கே சொல்கிறவர், குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பம்பு எங்கே என்று தேடி நின்றார். என்னைப் பார்த்து, காசிமேட்டில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்த, எப்போதோ செத்துப்போன தன் தம்பி பேரைச் சொல்லி, "வலை காஞ்சுச்சாடா?" என்றார். பக்கத்து வீட்டு அக்கா காத்து கருப்பு என்றார், சித்தப்பா தாத்தா போன ஏக்கம் என்றார், நான் மட்டும் என்ன, ராத்திரியெல்லாம் மறதி நோயைப் பற்றி போனில் படித்துக்கொண்டிருந்தேன். பாத்ரூம் போகும் வழியில் விழுந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி. ரத்தத்தில் இருக்கிற உப்புச் சத்தான சோடியம் 118 என்று வந்தது. 135க்குக் குறையக் கூடாதாம்.

அங்கேயிருந்த டாக்டரம்மா ஆயாவின் பிஸ்கெட் டப்பாவை மேஜையில் கவிழ்த்துவிட்டு ஒவ்வொரு அட்டையாகப் புரட்டினார். அம்லோடிபினில் வருகிற வீக்கம், உடம்பில் உப்பும் நீரும் சேர்ந்ததால் வருவதில்லை, சின்ன ரத்தக்குழாய்கள் விரிந்து அதிலிருந்து நீர் கசிந்து கணுக்காலில் இறங்குவது. அதற்கு நீர் மாத்திரை பெரிதாகக் கேட்காது, ஆனால் அந்த மாத்திரை சோடியத்தை இறக்கிவிடும், வயதான பெண்களுக்கு இன்னும் சுலபமாக. அந்தக் குழப்பம் எல்லாம் அதனால்தான். அப்படியே விட்டிருந்தால் குழப்பத்துக்கு என்று மூன்றாவதாக ஒரு மாத்திரை வந்திருக்கும். சோடியத்தைச் சட்டென்று ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்பதால் நிதானமாக ஏற்றினார்கள். ஆறாம் நாள் கஞ்சியில் உப்பில்லை என்று நர்ஸிடம் சண்டை போட்டார், அப்போதுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

அந்த டப்பாவில் மெடிக்கலில் நாங்களாகக் கேட்டு வாங்கிய சளி மாத்திரையும் இருந்தது, குளோர்பெனிரமின். நமக்கு வெறும் தூக்கம்தான் வரும், பெரியவர்களுக்குப் புத்தி தடுமாறும், சிறுநீர் கட்டிக்கொள்ளும். மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1991இல் வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று ஒரு பட்டியலே போட்டார், 2023இலும் அதைப் புதுப்பித்திருக்கிறார்கள். இதுவும் அதில் இருக்கிறது, அல்பிரசோலம் மாதிரி தூக்க மாத்திரைகளும், சர்க்கரைக்குக் கொடுக்கிற கிளிபென்கிளமைடும் இருக்கின்றன. கடைசியில் சொன்னது சர்க்கரையை மணிக்கணக்கில் தாழ்த்தி வைத்துவிடும்.

இன்னொன்று, கிட்னியைப் பார்க்க எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் 'கிரியாட்டினின் நார்மல்' என்று ரிப்போர்ட்டில் இருந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். வயதானால் சதை குறைந்துவிடும், அதனால் கிட்னி மந்தமாக இருந்தாலும் அந்த எண் நன்றாகவே தெரியும். கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று வயதையும் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, இதைப் படித்துவிட்டு எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தூக்க மாத்திரை, ஸ்டீராய்டு, அடினோலால் மாதிரியான இதய மாத்திரை இதெல்லாம் திடீரென்று நின்றால் அது தனி வில்லங்கம். குழப்பம் நேற்று இன்று ஆரம்பித்தது என்றால் இன்றைக்கே கூட்டிப் போங்கள், சோடியமும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தால்தான் வந்தது என்று தெரிந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நாமே புகார் பதியலாம், மருந்துப் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய மத்திய அரசு வைத்திருக்கும் எண் அது.